மாதிரி எடுக்கும் முன் பட்டியலைத் தேடுங்கள்: முதல் முறை சர்வே செய்பவர்களுக்கு

என் ஆய்வுத் திட்டம் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் தடவை வந்தபோது ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள் இருந்தன: "பட்டியல் எங்கே?" செவிலியர்களின் தூக்கம் பற்றிய ஆய்வு அது. 40 மருத்துவமனைகள், ஏறத்தாழ 2,000 பேர். "எளிய சமவாய்ப்பு முறையில் 323 பேர் தேர்ந்தெடுக்கப்படுவர்" என்று கெத்தாக எழுதி வைத்திருந்தேன். அந்த 2,000 பேரின் பெயர் எந்தத் தாளிலும் என்னிடம் இல்லை. பெயரே தெரியாதவர்களை எப்படிக் குலுக்கிப் போடுவது?

அந்த இரண்டு சொற்களுக்குப் பதில் தேடியதில் ஏழு மாதம் போயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டியதில்லை. பாடநூல்கள் கூறெடுப்பு என்று எழுதுவதை நான் இங்கே மாதிரி எடுப்பது என்றே சொல்கிறேன். யாரைப் பற்றி அறிய வேண்டுமோ அந்த மொத்தப் பேரும் முழுத்தொகுதி. அதிலிருந்து கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கும் சிலர் மாதிரி. கணக்கு கொஞ்சம் உண்டு, கால்குலேட்டர் போதும்.

1. யாரைப் பற்றி என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"செவிலியர்கள்" என்றால் போதாது. ஒப்பந்தத்தில் இருப்பவர் சேர்த்தியா? பயிற்சியில் இருப்பவர்? நீண்ட விடுப்பில் போனவர்? எந்தத் தேதியில் வேலையில் இருந்தவர்கள்? எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் அடக்கி, கைடிடம் காட்டி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து "அவர்களையும் சேர்த்திருக்கலாமே" என்று யாராவது சொல்லும்போது இந்தத் தாள் உதவும்.

அதே தாளில் இன்னொரு வரியும் வேண்டும். கடைசியில் என்ன எண்ணைச் சொல்லப் போகிறீர்கள்? ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குவோர் எத்தனை சதவீதம் என்பதா, இரவுப் பணிக்காரர்களையும் பகல் பணிக்காரர்களையும் ஒப்பிடுவதா? இரண்டாவது என்றால் ஆட்கள் அதிகம் தேவைப்படுவார்கள். எவ்வளவு அதிகம் என்பது நான்காம் படியில் வரும். மொத்தத்தில் அரை நாள் வேலை.

2. பட்டியலைத் தேடுங்கள்

எந்த முறை நல்லது என்று முதலில் கேட்காதீர்கள். கையில் என்ன பட்டியல் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் முறையைத் தீர்மானிக்கிறது. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முறையின் பெயரை எழுதிவிட்டு, அதற்குப் பட்டியல் தேடி அலைந்தேன்.

பட்டியல் கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடாமல் நான்கு கோளாறுகளைப் பாருங்கள். இருக்க வேண்டியவர் விடுபட்டிருப்பது ஒன்று. இருக்கக் கூடாதவர் இருப்பது இரண்டு. வேலையை விட்டுப் போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பது மூன்று. பெயர் இருந்தும் ஆளை அடைய வழி இல்லாதது நான்கு. இரண்டாவதையும் மூன்றாவதையும் கணினியில் உட்கார்ந்தே சரிசெய்துவிடலாம். முதலாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்த ஊழியர் பட்டியல்கள் சம்பளப் பிரிவிலிருந்து வந்தவை. ஒப்பந்தச் செவிலியர்களுக்கு வேறு வழியாகச் சம்பளம் போகும் இடங்களில் அவர்கள் ஒருவர்கூட அதில் இல்லை. இரவுப் பணி அதிகம் பார்ப்பவர்களும் அவர்கள்தாம். தூக்கம் பற்றிய ஆய்வில் தூக்கம் கெட்டவர்களே விடுபட்டுப் போகப் பார்த்தார்கள்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பட்டியல் தயாரித்தவர்களைச் சாராமல் வேறு வழியில் இருபது பெயர்களைத் திரட்டுங்கள். நான் ஒரு வாரத்துப் பணி அட்டவணையிலிருந்து எடுத்தேன். அந்த இருபதில் எத்தனை பேர் உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று நான்கு பேர் இல்லை என்றாலே பட்டியலைத் திருத்தியாக வேண்டும், அல்லது முறையை மாற்ற வேண்டும்.

காலம்: இந்தப் படிக்கு நான் ஒரு வாரம் ஒதுக்கினேன். ஒன்பது வாரம் ஆயிற்று. ஒவ்வொரு இடத்திலும் தனித்தனி அனுமதிக் கடிதம், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜை. கடிதம் கொடுக்கும்போதே நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் "வரவில்லையே" என்ற ஒரு சொல்லில் இரண்டு வாரம் போய்விடும்.

3. இப்போது முறையைத் தேர்ந்தெடுங்கள்

முழுப் பட்டியல் இருக்கிறதா, ஆட்கள் சிதறி இருக்கிறார்களா, தனியாகப் பேச வேண்டிய சிறு பிரிவு உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எளிய சமவாய்ப்பு முறை. பட்டியலில் உள்ள எல்லாருக்கும் சம வாய்ப்பு தந்து, பெயர்களைக் குலுக்கி எடுப்பது. முழுப் பட்டியலும் இருந்து, எல்லாரையும் ஒரே செலவில் அடையலாம் என்றால் இதுவே போதும். மின்னஞ்சல், தொலைபேசி ஆய்வுகளுக்கும், ஒரே வளாகத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கும் பொருந்தும். நேரில் போக வேண்டுமென்றால் இடிக்கும். என் கணக்கில் 323 பேர் 40 இடங்களில் சிதறுவார்கள், இடத்துக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரைப் பார்க்க 40 வாசல்களிலும் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

எண்ணி எடுக்கும் முறை. பாடநூலில் முறைப்படுத்தப்பட்ட கூறெடுப்பு என்று இருக்கும். பட்டியலில் இத்தனையாவது ஆள் என்று சம இடைவெளியில் எடுத்துக்கொண்டே போவது. பட்டியல் இல்லாத இடத்திலும் இது கைகொடுக்கும். வாசலில் நின்றுகொண்டு, வெளியே வரும் ஒவ்வொரு ஆறாவது ஆளிடமும் கேட்கலாம். ஆனால் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, இடைவெளி முழு எண்ணாக வராதது. 2,000ஐ 323ஆல் வகுத்தால் 6.19. அதை 6 என்று வைத்தால் 333 அல்லது 334 பேர் வருவார்கள், 7 என்று வைத்தால் 286 பேருக்குமேல் வர மாட்டார்கள். எனவே தசமத்தை அப்படியே வைத்துக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு விடையையும் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். தொடங்கும் எண்ணையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், முதல் ஆளிலிருந்து தொடங்கக் கூடாது.

இரண்டாவது பொறியில் நானே விழப் பார்த்தேன். ஒரு மருத்துவமனையின் பட்டியல் வார்டு வாரியாக இருந்தது. வார்டுக்குப் பத்துப் பேர், ஒவ்வொரு வார்டிலும் முதல் பெயர் தலைமைச் செவிலியர். இடைவெளி 10 என்று வைத்துப் பாருங்கள். தொடக்க எண் 1 வந்தால் மாதிரி முழுக்கத் தலைமைச் செவிலியர்கள், வேறு எண் வந்தால் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பட்டியல் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் எண்ணத் தொடங்காதீர்கள்.

படுகை முறை. முழுத்தொகுதியைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனித்தனியாக எடுப்பது. சிறு பிரிவு ஒன்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருந்தால் இதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. பிரிவுக்குள் இருப்பவர்கள் ஒரே மாதிரியும், பிரிவுக்குப் பிரிவு வேறு மாதிரியும் இருந்தால் துல்லியமும் கூடும். ஒவ்வொருவரும் எந்தப் பிரிவு என்பது குலுக்குவதற்கு முன்பே பட்டியலில் இருக்க வேண்டும். பேட்டிக்குப் போன பிறகு தெரிந்து பயன் இல்லை.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் 200 பேர், மற்றவற்றில் 1,800 பேர். ஒப்பிட வசதியாக இரண்டிலும் 150 பேர் எடுக்கிறீர்கள். தூக்கக் குறைவு முதல் பிரிவில் 80%, இரண்டாவதில் 40%. 300 படிவத்தையும் அப்படியே கூட்டிச் சராசரி பார்த்தால் 60% வரும். அது தவறு. முழுத்தொகுதியில் முதல் பிரிவு பத்தில் ஒரு பங்குதான். அதன்படி கணக்கிட்டால் 44%. அறுபதுக்கும் நாற்பத்து நான்குக்கும் உள்ள தூரம் உங்கள் அறிக்கையின் தலைப்பையே மாற்றிவிடும். சமமாக எடுக்கலாம், தப்பில்லை. எடை போடாமல், அதாவது ஒவ்வொரு பிரிவுக்கும் முழுத்தொகுதியில் உள்ள பங்கைக் கணக்கில் கொள்ளாமல், கூட்டக் கூடாது.

கொத்து முறை. கிளஸ்டர் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஆட்களுக்குப் பதிலாக இடங்களைக் குலுக்குவது. 40 மருத்துவமனைகளில் சிலவற்றை மட்டும் எடுத்து, அங்கே மட்டும் பட்டியல் தயாரித்து, அதிலிருந்து ஆட்களை எடுப்பது. இரண்டு கட்டமாகக் குலுக்குவதால் இரண்டு கட்ட முறை என்றும் சொல்வார்கள். "பட்டியல் எங்கே?" என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். மொத்தப் பட்டியல் தேவையில்லை, மருத்துவமனைகளின் பட்டியலும் ஒவ்வொன்றிலும் சுமாராக எத்தனை பேர் என்பதும் போதும். நான் 16 இடங்களில் முடித்தேன்.

இதற்கு விலை உண்டு. ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள். ஒரே பணி அட்டவணை, ஒரே மேற்பார்வையாளர். ஒரே இடத்தில் 20 பேரிடம் கேட்பது, 20 வெவ்வேறு இடங்களில் ஒவ்வொருவரிடம் கேட்பதற்கு ஈடாகாது. எவ்வளவு ஈடாகாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது, அடுத்த படியில் பார்ப்போம்.

மருத்துவமனைகள் சிறிதும் பெரிதுமாக இருந்தால், அளவுக்கு ஏற்ற வாய்ப்பு தந்து எடுக்க வேண்டும். இதைக் கையாலேயே செய்யலாம். 40, 150, 60, 250 என்று ஆட்கள் உள்ள இடங்களை வரிசையாக எழுதி, கூட்டுத்தொகை போட்டுக்கொண்டே வாருங்கள்: 40, 190, 250, 500. மொத்தம் 2,000, வேண்டியது 10 இடம் என்றால் இடைவெளி 200. ஒன்றுக்கும் 200க்கும் இடையில் ஒரு எண்ணைக் குலுக்குங்கள். 73 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 73 இரண்டாவது இடத்தில் விழுகிறது. 273 நான்காவதில். 473 மறுபடியும் நான்காவதிலேயே விழுகிறது! பதறாதீர்கள். இடைவெளியைவிடப் பெரிய இடம் நிச்சயம் ஒரு முறையாவது வரும், சில சமயம் இரண்டு முறை. இரண்டு முறை வந்தால் அங்கே இரு மடங்கு ஆட்களை எடுங்கள், அல்லது அப்படிப்பட்ட பெரிய இடங்களைத் தொடக்கத்திலேயே தனிப் படுகையாக்கிவிடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரே எண்ணிக்கையில், சொல்லப்போனால் 20 பேர் எடுத்தால், சிறிய இடத்தில் இருப்பவருக்கும் பெரிய இடத்தில் இருப்பவருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். போட்டுப் பாருங்கள், 40 பேர் உள்ள இடத்துக்கு 0.2 பெருக்கல் 0.5, அதாவது 0.1.

வாய்மொழித் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி: படுகைக்கும் கொத்துக்கும் என்ன வேறுபாடு? படுகையில் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் சிலரை எடுக்கிறோம், உள்ளே ஒரே மாதிரி இருந்தால் நல்லது. கொத்தில் சில பிரிவுகளை மட்டுமே எடுக்கிறோம், உள்ளே கலவையாக இருந்தால் நல்லது.

குலுக்காத முறைகள். கையில் அகப்பட்டவர்களிடம் கேட்பது வசதி முறை. ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று நிரப்புவது ஒதுக்கீட்டு முறை. ஒருவர் சொல்லி அடுத்தவர், அவர் சொல்லி இன்னொருவர் என்று போவது பனிப்பந்து முறை. இவற்றை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. படிவத்தின் கேள்விகள் புரிகின்றனவா என்று பார்க்க வசதி முறையே போதும். வெளியே தெரிய விரும்பாத குழுக்களை அடையப் பெரும்பாலும் பனிப்பந்துதான் வழி. அதைச் சற்று ஒழுங்குபடுத்தி, ஆளுக்கு இத்தனை கூப்பன் என்று கட்டுப்படுத்தி, யார் யாரை அழைத்தார் என்பதையும் பதிந்து கணக்குப் போடும் முறையை 1997இல் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்ற சமூகவியலாளர் முன்வைத்தார். பனிப்பந்தில்தான் போகப் போகிறீர்கள் என்றால் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சிக்கல் முறையில் இல்லை, அதைப் பற்றிச் சொல்லும் பொய்யில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை அனுப்பிவிட்டு "சமவாய்ப்பு மாதிரி" என்று எழுதுகிறார்கள். எத்தனை பேர் அந்த இணைப்பைப் பார்த்தார்கள் என்பதே தெரியாதபோது பதில் விகிதத்தை எப்படிச் சொல்வது? "ஆனால் 5,000 பேர் பதில் தந்தார்களே" என்பவருக்கு 1936ஆம் ஆண்டை நினைவூட்டுங்கள். லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க இதழ் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, அதிபர் தேர்தலில் யார் வெல்வார் என்பதைத் தவறாகச் சொன்னது.

4. எத்தனை பேர் என்று கணக்கிடுங்கள்

சதவீதத்தை அளக்கும் ஆய்வுக்கு, 95% நம்பிக்கை அளவில் வழக்கமான கணக்கு இது: 1.96ஐ அதனாலேயே பெருக்கி, 0.25ஆல் பெருக்கி, பிழை வரம்பின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பிழை வரம்பு என்பது நம் சதவீதம் உண்மையிலிருந்து மேலும் கீழும் எவ்வளவு விலகலாம் என்பது; 5 புள்ளி என்றால் கணக்கில் 0.05 என்று போடுங்கள். 0.25 என்பது பாதிக்குப் பாதி என்ற மோசமான நிலைக்கானது. பிழை வரம்பு 10 புள்ளி என்றால் 97 பேர். 5 என்றால் 385. 3 என்றால் 1,068. 2 என்றால் 2,401. பிழையைப் பாதியாக்க ஆட்கள் நான்கு மடங்கு வேண்டும். வழிகாட்டுபவர் "இன்னும் கொஞ்சம் துல்லியமாக" என்று சொல்லும்போது இந்த எண்களை அவர் முன் வையுங்கள்.

முழுத்தொகுதி சிறியது என்றால் குறைத்துக்கொள்ளலாம். 385ஐ, 1 கூட்டல் 384/2,000 என்பதால் வகுத்தால் 323. என் எண் வந்தது இப்படித்தான். 500 பேர் மட்டுமே என்றால் 218. ஆனால் ஒரு லட்சம் பேர் என்றால் 384, பத்துக் கோடி என்றாலும் 385. "முழுத்தொகுதியில் 10 சதவீதம் எடுக்க வேண்டும்" என்பது கேட்க நன்றாக இருக்கும், அதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

யமானே சூத்திரம், சிலர் வழக்கில் ஸ்லோவின் சூத்திரம், மாணவர்களிடையே புழங்குகிறது. 2,000 பேருக்கு அது 334 தரும். சூத்திரம் பொய்யல்ல; 1.96க்குப் பதில் 2 என்று வைத்து, பாதிக்குப் பாதி நிலையையும் எளிய சமவாய்ப்பு முறையையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிடுகிறது. கொத்து முறையில் போய்விட்டு இதன் எண்ணைக் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். என் திட்டம் இரண்டாம் முறை திரும்பி வந்தது இதனால்தான்.

கொத்து என்றால் பெருக்க வேண்டிய ஒரு காரணி உண்டு. டிசைன் எஃபெக்ட் என்பார்கள். கொத்துக்குள் எடுக்கும் ஆட்களில் ஒன்றைக் கழித்து, உள்ளொற்றுமை அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். ஒரே கொத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண்தான் உள்ளொற்றுமை. உள்ளொற்றுமை 0.05, கொத்துக்கு 20 பேர் என்றால் 1.95. 385 பேர் 751 ஆகிவிடுவார்கள். கொத்துக்கு 10 பேர் என்றால் 1.45, அதாவது 559. உள்ளொற்றுமை அளவை எங்கிருந்து எடுப்பது? அதே பொருளில் முன்பு நடந்த ஆய்வுகளில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சிலர் கண்ணை மூடிக்கொண்டு 2ஆல் பெருக்குவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசித் திட்டம் பரப்பிய 30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தை என்ற அமைப்புக்குப் பின்னாலும் இந்த 2 இருக்கிறது. 10 புள்ளிப் பிழைக்கு 97, அதன் இரு மடங்கு 194, முப்பதால் வகுத்தால் ஆறரை, அது ஏழாகிறது. அந்த அமைப்பை 5 புள்ளிப் பிழை வேண்டிய ஆய்வுக்கு நகலெடுக்காதீர்கள்.

கடைசியாகப் பதில் வராதவர்களுக்கு இடம் விடுங்கள். பத்தில் ஏழு பேர்தான் பேசுவார்கள் என்றால் 323ஐ 0.7ஆல் வகுத்து 462 பேரைக் குலுக்கி எடுக்க வேண்டும். பிரிவுகளை ஒப்பிடுவதானால் இந்தக் கணக்கு முழுவதையும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். 385 பேரில் ஒரு பிரிவினர் 50 பேர்தான் என்றால், அவர்களைப் பற்றிச் சொல்லும் சதவீதத்தின் பிழை வரம்பு 14 புள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

5. செலவை வைத்துக் கொத்தின் அளவை முடிவு செய்யுங்கள்

செலவைப் பணமாக எழுதாமல் விகிதமாக எழுதினால் குழப்பம் வராது. ஒரு பேட்டியின் செலவு 1 என்று வையுங்கள். ஒரு புதிய இடத்தைச் சேர்ப்பதற்கு, அதாவது அனுமதி, பயணம், அங்கே பட்டியல் தயாரிப்பது எல்லாம் சேர்த்து 10 ஆகிறது என்று கொள்வோம். உள்ளொற்றுமை 0.05 என்றால், இடத்துக்கு எத்தனை பேர் எடுப்பது சிக்கனம்? 10ஐ 0.95/0.05 என்பதால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 13.8, அதாவது 14.

இதை நம்பாமல் பெரிய முழுத்தொகுதி ஒன்றுக்கு முழுதாகப் போட்டுப் பார்த்தேன். அதே 5 புள்ளித் துல்லியத்துக்கு, கொத்துக்கு 14 பேர் என்றால் 46 இடம், 644 பேட்டி, மொத்தச் செலவு 1,104. கொத்துக்கு 5 பேர் என்றால் 93 இடம், 465 பேட்டி, செலவு 1,395. கொத்துக்கு 40 பேர் என்றால் 29 இடம், 1,160 பேட்டி, செலவு 1,450. ஒரே இடத்தில் உட்கார்ந்து நாற்பது பேரை முடித்துவிடலாம் என்று தோன்றுவது சோம்பேறித்தனத்தின் கணக்கு, அதுதான் இருப்பதிலேயே அதிகச் செலவு.

ஆனால் கொத்துகளின் எண்ணிக்கை மிகவும் குறையவும் கூடாது. பத்தே இடம் என்றால் பிழைக் கணக்கில் சுதந்திர அளவு (இங்கே, இடங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9தான், 1.96க்குப் பதில் 2.26ஆல் பெருக்க வேண்டிவரும். என் 16 இடம்கூடக் குறைவுதான். அனுமதி கிடைத்தது அவ்வளவுதான்.

பட்ஜெட்டில் எல்லாரும் மறப்பவை: களப்பணியாளர் பயிற்சி நாள்கள், கொத்துக்குள் பட்டியல் தயாரிக்கும் நாள்கள், மறுபடி மறுபடி போகும் பயணம், தரவை உள்ளிடுவது. நான் பட்டியல் நாள்களுக்கு ஒரு பைசாகூட ஒதுக்கவில்லை. அது கைக்காசில் போயிற்று.

6. குலுக்கலை ஒரே நாளில், சாட்சியோடு முடியுங்கள்

எக்செலில் சமவாய்ப்பு எண்களைத் தரும் ரேண்ட் (RAND) என்ற செயல்பாட்டைப் போட்டு வரிசைப்படுத்துவது எளிது. ஆனால் தாளில் எங்கே எதைத் தொட்டாலும் அந்த எண்கள் மாறிவிடும். எண்கள் வந்தவுடன் நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுங்கள், பிறகுதான் வரிசைப்படுத்த வேண்டும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் என்றால் விதை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குலுக்கலைத் தொடங்க நாம் தரும் எண் அது, அதே எண்ணைத் தந்தால் அதே பெயர்கள் திரும்ப வரும். பதிப்பு எண்ணையும் குறியுங்கள். 2019இல் வந்த 3.6.0 பதிப்பில் மாதிரி எடுக்கும் வழியை மாற்றினார்கள், பழைய பதிப்பில் போட்ட அதே விதை புதியதில் வேறு பெயர்களைத் தரும்.

பிடிக்காத பெயர் வந்தது என்று மறுபடி குலுக்காதீர்கள். "இவர் பேசமாட்டாரே" என்று தெரிந்தாலும் பெயர் இருக்கட்டும்.

வீடு வீடாகப் போகும் ஆய்வு என்றால் வீட்டுக்குள்ளும் குலுக்கல் உண்டு. கதவைத் திறப்பவரிடமே கேட்டால், வீட்டில் அதிக நேரம் இருப்பவர்களே மாதிரியில் நிறைவார்கள். கடைசியாகப் பிறந்தநாள் வந்த பெரியவர் (வயது வந்தவர்) யார் என்று கேட்டு அவரிடம் பேசுவது எளிய வழி. வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்பதையும் குறியுங்கள், எடை போடும்போது அது வேண்டும்.

7. இந்தக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும்

முதல் படியின் ஒற்றை வாக்கியம், முத்திரையோடு அனுமதிக் கடிதங்கள், அறநெறிக் குழுவின் ஒப்புதல், ஒப்புதல் படிவத்தின் வெற்று நகல், பட்டியலின் மூலக் கோப்பும் திருத்திய கோப்பும் தனித்தனியாக, எண்ணிக்கைக் கணக்கு ஒரு பக்கம், குலுக்கிய நாளின் பதிவு, களப் பதிவேடு. பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் தாள் மட்டும் இந்தக் கோப்பில் இருக்கக் கூடாது. அதை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை அறநெறிக் குழுவிடம் முன்பே எழுதிக் கொடுங்கள்.

அறநெறிக் குழு எப்போது கூடும் என்று முதல் நாளே விசாரியுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை காத்திருக்க வேண்டும். ஒப்புதல் வந்த பிறகு முறையை மாற்றினால் மறுபடி அவர்களிடம் போக வேண்டும். எளிய சமவாய்ப்பிலிருந்து இரண்டு கட்டத்துக்கு மாறியபோது நான் போனேன்.

8. களத்தில் மாற்று ஆள் எடுக்காதீர்கள்

களப்பணியாளர் அலைபேசியில் கேட்பார்: "இவங்க இல்ல, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எடுத்துக்கவா?" வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாதவர் ஏன் இல்லை என்பதுதான் விஷயமே. நாங்கள் முதல் வாரம் பகலில் போனோம். இரவுப் பணி முடித்தவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள், கண்ணில் பட்டவர்கள் பகல் பணிக்காரர்கள் மட்டுமே. பக்கத்தில் இருந்தவர்களை வைத்து நிரப்பியிருந்தால், செவிலியர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று அறிக்கை வந்திருக்கும்.

ஒருவரிடம் குறைந்தது மூன்று முறை, வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் போங்கள். ஒரே நாளில் மூன்று முறை கதவைத் தட்டுவது ஒரு முறைக்குச் சமம். ஒவ்வொரு முயற்சியையும் பதியுங்கள்: பேசினார், மறுத்தார், ஆள் இல்லை, தகுதி இல்லை, முகவரி தவறு. நான்காம் படியில் 323க்குப் பதில் 462 பேரைக் குலுக்கச் சொன்னது இதற்காகத்தான், மாற்று ஆள் தேட அல்ல.

காலம்: பேட்டிகளுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கிறீர்களோ, அதில் பாதியை மறுவருகைக்காகக் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் கடைசி ஐம்பது பேட்டிகள் முதல் இருநூறைவிட அதிக நாள் எடுத்தன.

9. எடை போட்டு, செய்ததை மட்டும் எழுதுங்கள்

ஒருவர் தேர்வாகும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால் அவர் எடை 10. அவ்வளவுதான் சூத்திரம். பதில் வராததற்கும் வீட்டுக்குள் குலுக்கியதற்கும் இதன்மேல் பெருக்கல் வரும். ஆய்வு மென்பொருளிடம் எடையை மட்டும் தந்தால் போதாது. எது படுகை, எது கொத்து என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது எல்லாரையும் தனித்தனியாகக் குலுக்கியதாக எண்ணிக்கொண்டு, பொய்யாகக் குறுகிய பிழை வரம்பைத் தரும். ஆரில் இதற்கென்று சர்வே என்ற தொகுப்பு இலவசமாக உண்டு. எஸ்பிஎஸ்எஸ் (SPSS) மென்பொருள் என்றால் சிக்கலான மாதிரிகளுக்கான பகுதி தனி இணைப்பு, உங்கள் உரிமத்தில் அது இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். எனக்கு இல்லை என்பது பகுப்பாய்வு நாளில்தான் தெரிந்தது.

பதில் விகிதம் என்று ஒரு எண்ணை மட்டும் எழுதினால் எந்த விகிதம் என்று கேட்பார்கள். அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கம் ஆறு விதமாக அதைக் கணக்கிடச் சொல்லித் தருகிறது. தொடர்பே கிடைக்காதவர்களைத் தகுதியுள்ளவர்களாக எண்ணுவதா இல்லையா என்பதைப் பொறுத்தும், பாதியில் நின்ற பேட்டிகளைச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். குலுக்காத முறையில் போயிருந்தால் பிழை வரம்பே எழுத வேண்டாம். எங்கே, எப்படி ஆட்களை அடைந்தீர்கள் என்பதை மட்டும் விவரியுங்கள்.

என் மூன்றாவது வரைவும் திரும்பி வந்தது, 16 இடங்களை எப்படி எடுத்தேன் என்பதை எழுத மறந்ததால். நான்காவதில் இந்தப் பத்தி இருந்தது: "40 மருத்துவமனைகளிலிருந்து, செவிலியர் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பில், அனுமதி மறுத்தவை உட்பட, 20 தேர்ந்தெடுக்கப்பட்டன. நான்கு அனுமதி மறுத்தன. அவற்றுக்குப் பதில் வேறு சேர்க்கப்படவில்லை. மீதி 16இலும் ஒப்பந்தச் செவிலியர்களையும் சேர்த்துப் புதிதாகப் பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றிலும் சம எண்ணிக்கையில் செவிலியர்கள் குலுக்கி எடுக்கப்பட்டனர். மூன்று வருகைகளுக்குப் பிறகும் கிடைக்காதவர்கள் பதில் வராதவர்களாகக் கொள்ளப்பட்டனர்."

வாய்மொழித் தேர்வில் மாதிரி பற்றி ஒரே கேள்விதான் வந்தது. விதை எண் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். குலுக்கிய நாளின் தேதி அது என்றேன்.